தண்ணீர்விட்டான் கிழங்கு (சதாவரி): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர்விட்டான் கிழங்கும் சதாவரியும் ஒன்றுதானா?

ஒன்றுதான். நாட்டு மருந்துக் கடையில் தண்ணீர்விட்டான், நீர்விட்டான் என்று கேட்டால் கொடுப்பார்கள். சித்த மருத்துவர் சீட்டில் சதாவேரி என்றும் சாத்தாவாரி என்றும் எழுதுவார். ஆயுர்வேதக்காரர்கள் சதாவரி என்பார்கள். தாவரவியலில் பெயர் அஸ்பராகஸ் ரசிமோசஸ். ஓட்டல்களில் சூப்பிலும் சாலட்டிலும் போடும் அஸ்பராகஸ் தண்டு இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. அதில் தண்டைத் தின்கிறோம், இதில் மண்ணுக்குக் கீழே இருப்பதைத் தோண்டி எடுக்கிறோம்.

கிழங்கைப் பச்சையாக ஒடித்தால் நீர் கசியும், வழுவழுப்பாக இருக்கும். தமிழ்ப் பெயர் அதனால்தான் வந்தது என்பார்கள்.

சதாவரி என்றால் 'நூறு கணவர்களை உடையவள்' என்று பொருளாமே?

இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல் வரி இதுதான். விற்பனைக்கு ரொம்ப வசதியான விளக்கம். 'சத' என்றால் நூறு என்பது சரி. ஆனால் அந்த நூறு எதைக் குறிக்கிறது என்பதற்குச் செடியைப் பிடுங்கிப் பார்த்தாலே போதும். ஒரே தூரில் விரல் தடிமனில் கொத்துக்கொத்தாகக் கிழங்குகள் தொங்கும், எண்ணி மாளாது. இதே செடிக்கு வடமொழியில் சதமூலி என்றும் ஒரு பெயர் உண்டு. நூறு வேர் கொண்டது என்று அதற்கு நேரான அர்த்தம். பகுசுதா, அதாவது நிறையப் பிள்ளைகள் உடையது, என்ற பெயரும் அந்தக் கிழங்குக் கொத்தைப் பார்த்து வைத்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

செடியை எப்படி அடையாளம் காண்பது? வீட்டுத் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் அஸ்பராகஸின் கிழங்கைப் பயன்படுத்தலாமா?

தொட்டிச் செடியைத் தொடவேண்டாம். அது அதே குடும்பத்து வேறு இனம், மருந்துக்கு ஆகாது.

தண்ணீர்விட்டான் முள்ளுள்ள கொடி. இலை என்று நாம் நினைக்கும் ஊசி மாதிரியான பச்சை இழைகள் உண்மையில் இலைகளே அல்ல, இலையின் வேலையைச் செய்யும் சிறு தண்டுகள். சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் மணத்தோடு கொத்தாகப் பூக்கும். வேலியிலும் காட்டோரத்திலும் தானாகவே படர்ந்திருக்கும்.

காட்டில் தானே தோண்டி எடுத்துவர நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதே புதர்களில் படரும் செங்காந்தளுக்கும் மண்ணுக்குள் கிழங்கு உண்டு. கண்வலிக் கிழங்கு என்பது அதைத்தான். அதிலுள்ள கால்ச்சிசின் உயிரைக் குடிக்கும் நஞ்சு. பூவோடு பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, யாரும் ஏமாற மாட்டார்கள். கொடி காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணில் இருக்கும் பருவத்தில் அந்த நிச்சயம் கிடையாது. தெரிந்தவர் கையால் வந்தால் ஒழிய வேண்டாம்.

ஆயுர்வேத நூல்கள் இதைப் பெண்களுக்கான மருந்து என்றுதான் சொல்கின்றனவா?

பெண்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. இனிப்பும் லேசான கசப்பும் கொண்டது, குளிர்ச்சியானது, எளிதில் செரிக்காத கனமான பொருள், உடம்புக்கு நெய்ப்பு தருவது என்று அதன் குணத்தைச் சொல்வார்கள். உடலைத் தேற்றும் ரசாயன வகையில் வைக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் இதைத் தாய்ப்பாலைப் பெருக்குவது, விந்துவைப் பெருக்குவது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கண்ணுக்கும் அறிவுக்கும் பசித்தீக்கும் நல்லது, வயிற்றுப்போக்குக்கு ஆகும் என்றும் அடுக்குகிறது. ஆக, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருந்த ஒன்றுதான்.

இன்னொரு சுவாரசியம். ஆயுர்வேதத்தின் மிகப் பழைய நூல்களில் ஒன்றான சரக சம்ஹிதையில் தாய்ப்பாலைச் சுரக்கச் செய்யும் 10 மூலிகைகள் என்று ஒரு பட்டியல் வருகிறது. வெட்டிவேர், நெல், கரும்பு இனம், தர்ப்பை, நாணல் என்று பெரும்பாலும் புல் வகைகளின் வேர்கள்தான் அதில் உள்ளன. சதாவரி அதில் இல்லை. நூலில் பிற இடங்களில் சதாவரி வருகிறது, இந்தப் பட்டியலில் மட்டும் கிடையாது. 'மூவாயிரம் வருடமாகத் தாய்ப்பாலுக்கு இதுதான்' என்று யாராவது அடித்துச் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாய்ப்பால் உண்மையிலேயே கூடுமா?

இந்தக் கிழங்கைப் பற்றி வரும் கேள்விகளில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆய்வுகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. 1996-இல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பால் போதவில்லை என்று வந்த தாய்மார்களில் ஒரு பாதிக்குச் சதாவரி, மறு பாதிக்கு மருந்தில்லாத போலி மருந்து. இரண்டு குழுவுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. 2011-இல் வெளியான இன்னொன்றில் 60 தாய்மார்கள், 30 நாட்கள். பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன், கிழங்கு சாப்பிட்டவர்களுக்குச் சுமார் 33 சதவீதம் உயர்ந்தது. மற்றவர்களுக்கு 10 சதவீதத்துக்குள் நின்றது. குழந்தைகளின் எடையும் முதல் குழுவில் கூடுதலாக ஏறியது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். இவற்றை வைத்து 'கட்டாயம் கூடும்' என்றும் சொல்ல முடியாது, 'சும்மா நம்பிக்கை' என்று தள்ளவும் முடியாது.

ஆனால் பால் குறைவு என்று தோன்றும்போது முதலில் பார்க்கவேண்டியது டப்பாவை அல்ல, குழந்தையை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா? பிறந்தபோது இருந்த எடையை இரண்டு வாரத்துக்குள் எட்டிவிட்டதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பால் போதுகிறது என்று அர்த்தம். குழந்தை அழுகிறது, மார்பு முன்போல் கனக்கவில்லை, பிழிந்தால் கொஞ்சம்தான் வருகிறது என்பதெல்லாம் பால் குறைவுக்கான ஆதாரம் இல்லை. இதை வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். நாளுக்கு 8 முதல் 12 முறை கொடுப்பது, இரவிலும் கொடுப்பது, காம்பை மட்டுமல்லாமல் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் குழந்தையின் வாய் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது, இவை மூன்றும் இல்லாமல் எந்தக் கிழங்கும் எதுவும் செய்யாது. பக்கத்தில் புட்டிப்பாலையும் கொடுத்துக்கொண்டு லேகியமும் சாப்பிட்டால், கூட்டலும் கழித்தலும் சமமாகிவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் பால் வரவில்லை என்றால் தைராய்டு குறைவு, பிரசவத்தில் அதிக ரத்தம் போனது, நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியது போன்ற காரணங்கள் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கவேண்டியவர் மருத்துவர்.

சரி, அப்படியானால் சாப்பிடலாமா வேண்டாமா? ஒவ்வாமை போன்ற தடை எதுவும் இல்லாத தாய், தன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பாலில் காய்ச்சிய கிழங்கை ஒரு மாதம் குடித்துப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குறைந்தபட்சம் அந்தச் சாக்கில் ஒருவேளை சூடாக ஏதோ குடித்துவிட்டுக் கொஞ்சம் உட்காருவாள். பிள்ளை பெற்ற வீட்டில் அதுவே அபூர்வம்.

மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. இதைச் சாப்பிட்டால் சரியாகுமா?

எதனால் ஒழுங்கில்லை என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. கர்ப்பம், தைராய்டு, திடீர் எடை மாற்றம், பிசிஓஎஸ் என்னும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, கருப்பைக் கட்டி, சில மாத்திரைகள் என்று காரணங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. மாதவிடாய் தள்ளிப்போனால் முதல் வேலை கர்ப்பப் பரிசோதனை. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் சூரணம் சாப்பிட்டவர்கள் உண்டு.

பிசிஓஎஸ் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாயே வராமல் இருந்தால் கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். ரத்தம் வராததால் தொல்லை இல்லை என்று இருந்துவிடக் கூடாது. பிசிஓஎஸ்ஸைச் சதாவரி குணப்படுத்துகிறது என்று காட்டும் உறுதியான மனித ஆய்வு எதையும் நம்பி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். சொல்பவர்கள் பெரும்பாலும் விற்பவர்கள்.

மாதவிடாயில் அதிகப்படியான ரத்தப்போக்குக்கும் இதே பதில்தான், இன்னும் அவசரமாக. தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனை. மாதாமாதம் அதிகம் போகிறது என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அசதி, தலைசுற்றல், படியேறினால் மூச்சு வாங்குதல் எல்லாம் 'பெண்களுக்கு இருப்பதுதானே' என்று டானிக்கில் மூடப்படும் ரத்தசோகையாக இருக்கலாம். அதற்கு வேண்டியது இரும்புச்சத்து மாத்திரை. இந்தக் கிழங்கு அந்த இடத்தை நிரப்பாது.

குழந்தைக்காக முயற்சி செய்கிறோம். கருமுட்டை வளரச் சதாவரி சாப்பிடச் சொல்கிறார்களே?

ஆயுர்வேதத்தில் சதாவரியோடு வேறு மூலிகைகளும் சேர்த்துக் காய்ச்சும் பல கிருதம் என்ற நெய் மருந்து இதற்குக் காலங்காலமாகக் கொடுக்கப்படுகிறது. 'பல' என்பது இங்கே பலன், கனி என்ற பொருளில். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் சாப்பிடலாம், அதில் தவறில்லை.

தவறு எங்கே நடக்கிறது என்றால், மனைவிக்கு மட்டும் மூன்று வகை லேகியம் வாங்கிக் கொடுத்துவிட்டு, கணவருக்கு ஒரு விந்துப் பரிசோதனைகூடச் செய்யாமல் இருப்பதில். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் வரை ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. கருக்குழாய் அடைத்திருந்தால் எந்தக் கிழங்காலும் அதைத் திறக்க முடியாது. ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால் இருவரும் பரிசோதனைக்குப் போகவேண்டும். பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. 'இன்னும் ஒரு மண்டலம் சாப்பிட்டுப் பார்ப்போம்' என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த வயதில் விலை அதிகம்.

கருத்தரிப்பு சிகிச்சையில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைச் சேர்த்துக்கொள்ளவே கூடாது.

வெள்ளைப்படுதலுக்கு நல்லதா?

உடல் சூட்டால் வெள்ளைப்படுகிறது, குளிர்ச்சியான கிழங்கு சாப்பிட்டால் நிற்கும் என்பது வழக்கமான நம்பிக்கை. முதலில், வாடையும் அரிப்பும் இல்லாமல் தெளிவாகவோ பால் நிறத்திலோ வருவது இயல்பானது, நோயே அல்ல. மாதத்தின் நடுவில், கருமுட்டை வெளிவரும் நாட்களில் கூடும். தயிர் மாதிரி திரிதிரியாக, அரிப்போடு வந்தால் பூஞ்சைத் தொற்று. மீன் வாடை, பச்சை அல்லது மஞ்சள் நிறம், அடிவயிற்று வலி, ரத்தக் கலப்பு என்றால் பரிசோதனை வேண்டும். தொற்றைக் குளிர்ச்சியால் ஆற்ற முடியாது.

கர்ப்பிணிகள் சாப்பிடலாமா?

பாரம்பரியத்தில் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. மறுபக்கம், 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கர்ப்பிணி எலிகளுக்கு இந்தக் கிழங்கின் சாற்றை நாள்தோறும் கொடுத்தபோது கரு சிதைந்து கரைவதும் குட்டிகளின் கால்களில் வீக்கமும் கூடுதலாகக் காணப்பட்டன. எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் முதல் மூன்று மாதத்தில், தானாகக் கடையில் வாங்கி, யாரோ சொன்னார்கள் என்று சாப்பிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால், அதைப் பிரசவம் பார்க்கும் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். இரண்டு பேரிடமும் மற்றவரைப் பற்றி மறைப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து.

மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகளுக்கு?

திடீரென்று உடம்பு சூடாகி வியர்ப்பது, தூக்கம் கெடுவது, எரிச்சல், வறட்சி. இவற்றுக்குச் சதாவரியைத் தனியாகவோ வேறு மூலிகைகளோடு சேர்த்தோ கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகள் கொஞ்சம் நிவாரணம் இருப்பதாகச் சொல்கின்றன. ஆட்கள் குறைவு, நாட்களும் குறைவு. இந்தத் தொல்லைகள் போலி மருந்துக்கும் ஓரளவு குறையக்கூடியவை என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு மூன்று மாதம் முயன்று பார்த்து, பலன் தெரிந்தால் தொடரலாம்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு இல்லாதது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மகப்பேறு மருத்துவரைப் பார்க்கவேண்டும். 'சூடு' என்று கிழங்கை அரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் பல சமயம் அதுதான்.

இதில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா?

பெண்களின் முக்கிய ஹார்மோனான மனித ஈஸ்ட்ரோஜன் இதில் இல்லை. சதாவரின் என்ற பெயரிலேயே ஒரு சபோனின் வரிசை இருக்கிறது, ஒன்று, இரண்டு என எண் போட்டு அழைப்பார்கள். அதில் நான்காவதை வைத்துத்தான் பல ஆய்வகங்கள் தரம் பார்க்கின்றன. தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் நுரைப்பது இந்தச் சபோனினால்தான். இவையும், கிழங்கிலுள்ள ஐசோஃபிளேவோன் வகைப் பொருளும் ஈஸ்ட்ரோஜன் போலச் சிறிதளவு செயல்படக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 'கூடும்' என்பதில் இரண்டு பக்கம் உண்டு. செயல்படவில்லை என்றால் ஹார்மோன் தொல்லைக்குப் பெரிதாக உதவாது. செயல்படுகிறது என்றால் எல்லோருக்கும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே விளம்பரத்தில் சொல்லிவிடுகிறார்கள்: ஹார்மோனைச் சீராக்கும், பக்கவிளைவே கிடையாது!

யார் தொடவே கூடாது?

மார்பகப் புற்று, கருப்பைப் புற்று போல ஈஸ்ட்ரோஜனால் வளரும் நோய் இருப்பவர்கள், இருந்து குணமானவர்கள். கருப்பை நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. அஸ்பராகஸ், வெங்காயம், பூண்டு ஆகியவற்றுக்கு ஒவ்வாமை இருப்பவர்களும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

சிறுநீரைப் பெருக்கும் தன்மை இதற்கு உண்டு என்பதால் மனநலத்துக்கு லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு ஆகாது. ரத்தத்தில் லித்தியம் தேங்கிவிடலாம். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பொடியைச் சாப்பிட்டால் சர்க்கரை சற்று இறங்கலாம், லேகியமாகச் சாப்பிட்டால் ஏறும். லேகியத்தில் பெரும்பகுதி வெல்லமோ சர்க்கரையோதான் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

எவ்வளவு, எப்படிச் சாப்பிடுவது?

பொடியாக என்றால் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒரு வேளைக்கு 3 முதல் 6 கிராம், நாளைக்கு இரண்டு வேளை. தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 3 கிராம் வரும். பாலில் கலந்து குடிப்பது வழக்கம், இனிப்புக்குப் பனங்கற்கண்டு.

பொடியைச் சூடான பாலில் கொட்டிக் கலக்குவதைவிட, காய்ச்சிக் குடிப்பதுதான் சரியான முறை. ஆயுர்வேதத்தில் இதைப் பால் கஷாயம் என்பார்கள். மருந்து ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, தண்ணீர் முப்பத்திரண்டு பங்கு. 10 கிராம் உலர்ந்த கிழங்கு என்றால் பால் 80 மில்லி, தண்ணீர் 320 மில்லி. சிறு தீயில் வைத்து, தண்ணீர் முழுக்கச் சுண்டிப் பால் அளவு மட்டும் நிற்கும்போது இறக்கி வடிகட்டவேண்டும். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும், பொறுமை வேண்டும். தீயைக் கூட்டினால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும்.

பச்சைக் கிழங்கு கிடைத்தால் கழுவி, தோலைச் சீவி, நடுவில் ஓடும் நரம்பை உருவி எறிந்துவிடவேண்டும். அந்த நரம்பு வேகவே வேகாது, வாயில் நார் மாதிரி மாட்டும். லேசாக வெந்நீரில் போட்டு எடுத்தால் தோல் சுலபமாக உரியும். மிச்சத்தை இடித்துச் சாறெடுக்கலாம், பாலில் வேகவைக்கலாம். இலங்கையில் இதன் தழையைப் பச்சரிசிக் கஞ்சியில் அரைத்துவிட்டுக் காலையில் குடிக்கிறார்கள். அங்கே இதன் பெயர் ஹாத்தாவாரிய.

பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. தண்ணீரில் குடிக்கலாமா?

குடிக்கலாம். வழுவழுப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

சாப்பிட ஆரம்பித்ததும் வயிறு மந்தமாக இருக்கிறது, சளியும் பிடிக்கிறது.

கனமான, குளிர்ச்சியான பொருள் என்று நூல்கள் சொல்வதை இந்த இடத்தில் நினைவுபடுத்திக்கொள்ளவேண்டும். பசி நன்றாக எடுப்பவர்களுக்கு ஒத்துப்போகும், ஏற்கெனவே மந்தமாக இருப்பவர்களுக்குத் தொல்லை. அளவைப் பாதியாக்குங்கள், அல்லது சிட்டிகை சுக்குப்பொடி சேர்த்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். வேடிக்கை என்னவென்றால், 1990-இல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வு, ஆரோக்கியமானவர்களின் இரைப்பை இது சாப்பிட்டபின் சீக்கிரமாகவே காலியாவதாகச் சொல்கிறது. உங்கள் வயிறு சொல்வதையே நம்புங்கள்.

தடிப்பு, அரிப்பு, முகம் வீங்குதல், மூச்சுத்திணறல் என்றால் அளவு குறைக்கும் பேச்சே இல்லை, நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

அஸ்வகந்தாவும் சேர்த்துச் சாப்பிடச் சொல்கிறார்களே?

சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆனால் கர்ப்பத்தில் அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் கல்லீரல் தொல்லை உள்ளவர்களும் அதை விலக்கவேண்டும். இரண்டையும் ஒன்றாக ஆரம்பித்தால் எது உதவியது, எது தொல்லை கொடுத்தது என்றே தெரியாது. ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கொடுக்கலாமா?

அவசியம் இல்லை. அந்த வயதில் முதல் இரண்டு வருடம் மாதவிடாய் முன்னே பின்னே வருவது இயல்பு. உளுந்து, கீரை, முட்டை, கடலை, வயிறாரச் சோறு, போதும். அப்புறம் ஹீமோகுளோபின் பரிசோதனை.

வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

முழுக் கிழங்காக வாங்கினால் ஏமாற வாய்ப்புக் குறைவு. நல்ல உலர்ந்த கிழங்கு வெளிறிய பழுப்பு நிறத்தில், நீளவாக்கில் சுருங்கிக் கோடு விழுந்து, இரண்டு பக்கமும் கூம்பி இருக்கும். வாயில் போட்டால் முதலில் லேசான இனிப்பு, பிறகு மெல்லிய கசப்பு. கறுத்துப்போனதையும் பூஞ்சை வாடை அடிப்பதையும் தவிர்க்கவேண்டும். வெள்ளை மூசலி என்ற பெயரில் விற்பதோடு குழம்பக் கூடாது. அது வேறு செடி, ஆனால் இந்தக் குடும்பத்து இன்னோர் அஸ்பராகஸையும் சில ஊர்களில் அதே பெயரால் அழைப்பதால் கடைக்காரர்களே குழம்புவது உண்டு.

டப்பாவாக என்றால் லேபிளைப் படியுங்கள். 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் கீழ் தயாரிக்கப்படும் ஆயுர்வேத, சித்த மருந்துகளில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்கவேண்டும். எண் இல்லாமல், 'இயற்கையானது' என்று மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். சேர்மானத்தில் சர்க்கரை முதலிடத்தில் இருந்தால், நீங்கள் வாங்குவது பெரும்பாலும் சர்க்கரைதான்.

அப்புறம் இன்னொரு சட்டம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம். மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் என்று எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையே அது தடுக்கிறது. பெண்களின் மலட்டுத்தன்மையும் மார்பக அமைப்பும் அந்தத் தடைப் பட்டியலில் உண்டு. இப்போது உங்கள் கைப்பேசியில் ஒரு மணி நேரத்தில் வரும் விளம்பரங்களை எண்ணிப் பாருங்கள். சட்டத்தை மீறி விளம்பரம் செய்பவர், டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதில் மட்டும் நேர்மையாக இருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

எத்தனை நாள் சாப்பிட்டுப் பார்க்கலாம்?

பாலுக்கு என்றால் ஒரு மாதம். மாதவிடாய் நிற்கும் காலத் தொல்லைக்கு இரண்டு மூன்று மாதம். அதற்குள் எதுவும் மாறவில்லை என்றால் கிழங்கு உங்களுக்கு வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள், பிராண்டை மாற்றிக்கொண்டு திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

வீட்டில் வளர்க்க முடியுமா?

தாராளமாக. விதையை ஒரு நாள் ஊறவைத்துப் போடவேண்டும், முளைக்க நாளாகும். கிழங்கோடு கூடிய தூரைப் பிரித்து நட்டால் இன்னும் எளிது. மணல் கலந்த, தண்ணீர் தேங்காத மண், படர ஒரு பந்தல் அல்லது வேலி. ஒன்றரை, இரண்டு வருடம் கழித்துத்தான் தோண்டத் தகுந்த கிழங்கு கிடைக்கும். முள் குத்தும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கி வைத்த பொடியில் பூச்சி வந்துவிட்டது. சலித்துவிட்டுப் பயன்படுத்தலாமா?

வேண்டாம், கொட்டிவிடுங்கள். இனிப்பும் மாவுச்சத்தும் உள்ள பொருள் என்பதால் இதற்குச் சீக்கிரமே வண்டு வரும். அடுத்த முறை முழுக் கிழங்காக வாங்கி, வெயிலில் ஒரு நாள் காயவைத்து, மாதத்துக்குத் தேவையானதை மட்டும் இடித்து, ஈரக்கை படாமல் கண்ணாடிச் சீசாவில் வையுங்கள்.